மோஸ்தர் மாறினாலும் மாறாத வீடு: மொரீஷியஸில் கட்டுவோருக்கும் புதுப்பிப்போருக்கும்

வீடு கட்டத் தொடங்கும் உறவினர்கள் பலரும் என்னிடம் முதலில் காட்டுவது கைபேசியில் சேர்த்து வைத்திருக்கும் படங்களைத்தான். சாம்பல் நிறச் சுவர், தரை முதல் கூரை வரை கண்ணாடி, முகம் தெரியும்படி பளபளக்கும் வெள்ளைத் தரை, பொய்க்கூரைக்குள் ஒளிந்து எரியும் விளக்குப் பட்டை ஆகியவை அனேகமாக எல்லாப் படங்களிலும் இருக்கும். அந்தப் படங்கள் அழகானவைதான். ஆனால் அவை எந்த நாட்டு வெயிலில், எந்தக் குடும்பத்துக்காகக் கட்டிய வீடுகள் என்பது கேட்பவருக்கும் தெரியாது, கட்டப்போகும் மேஸ்திரிக்கும் தெரியாது. ஆண்டுக்கணக்காகக் கடன் அடைத்துச் சொந்தமாக்கும் ஒரு வீட்டை, நான்கைந்து ஆண்டுகளில் அலுத்துவிடக்கூடிய ஒரு படத்துக்கு ஒப்படைத்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பின்பற்றச் சொல்லும் முறை எளிமையானது. வீட்டில் உள்ளவற்றை மாற்றக் கடினமானவை, எளிதில் மாற்றக்கூடியவை என்று முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சுவர் நிற்கும் இடம், ஜன்னலின் திசை, கூரையின் உயரம், சமையல் மேடை, தரை, குழாய், மின்கம்பி ஆகியவை முதல் வகை. இவற்றை இந்தத் தீவின் வெயிலும் காற்றும் மழையும், உங்கள் குடும்பத்தின் பழக்கமும் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். திரைச்சீலை, சுவர்ச் சாயம், மெத்தை உறை, விளக்குக் கூடு ஆகியவை இரண்டாம் வகை. மோஸ்தர் மீது ஆசை இருந்தால் அதை இங்கே தாராளமாகத் தீர்த்துக்கொள்ளலாம். அலுத்துப்போனால் ஒரு சனிக்கிழமையில் மாற்றிவிடலாம்.

வடிவத்துக்குக் காரணம் கேளுங்கள்

ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்வதற்கு முன்னும் கைவிடுவதற்கு முன்னும் அது ஏன் வந்தது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. 1960 ஜனவரியில் அலிக்ஸ் புயலும், அடுத்த மாத இறுதியில் கரோல் புயலும் இத்தீவைத் தாக்கின. மரத்தாலும் தகரத்தாலும் கரும்புத் தோகையாலும் ஆன வீடுகள் ஆயிரக்கணக்கில் அழிந்தன. இன்று நாம் ‘மொரீஷியஸ் வீடு’ என்றதும் நினைக்கும் தட்டையான கான்கிரீட் தளமும் சிமெண்ட் கல் சுவரும் அதன் பிறகுதான் ஊரெங்கும் பரவின. புயலில் வீட்டை இழந்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் தலைக்கு மேல் பறந்துபோகாத ஒரு கூரை வேண்டும் என்று தேடிக்கொண்ட வடிவம் அது.

அதற்கு முந்தைய மர வீடுகளுக்கும் அவற்றுக்கே உரிய காரணங்கள் இருந்தன. மோக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட யுரேகா மாளிகையில் 109 கதவு ஜன்னல்கள் இருப்பதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மின்விசிறி இல்லை. வீட்டின் ஒரு பக்கம் நுழையும் காற்று மறு பக்கம் வெளியேறினால்தான் உள்ளே இருக்க முடியும். வீட்டைச் சுற்றி ஓடும் வராங், அதாவது நம் திண்ணையையும் தாழ்வாரத்தையும் சேர்த்தாற்போன்ற அந்த அகலமான முகப்பு, சுவரில் வெயில் நேராக விழாமல் காத்தது. கூரை விளிம்பில் தொங்கும் லாம்ப்ரெக்கேன் என்ற பூவேலைத் தகடு கண்கூசும் ஒளியைத் தணித்தது. மழைநீர் சுவரோடு வழியாமல் தள்ளிச் சொட்டவும் உதவியது. இப்போது சிலர் தாழ்வாரமே இல்லாத கான்கிரீட் சுவரில் அந்தத் தகட்டை வாங்கி ஒட்டி ‘பாரம்பரியம்’ என்கிறார்கள். அதற்குச் செலவிடும் பணத்தில் ஜன்னலுக்கு மேல் ஒரு நல்ல வெயில் மறைப்பைக் கட்டினால், பழைய வீட்டின் அறிவைப் புதிய வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் ஆவார்கள்.

வெயிலையும் காற்றையும் ஓராண்டு எழுதி வையுங்கள்

புதுப்பிக்கப்போகும் வீட்டில் நீங்கள் ஏற்கெனவே குடியிருந்தால் அவசரப்படாதீர்கள். ஒரு குறிப்பேடு வாங்கி, மாதம் இரண்டு நாளாவது காலை 7 மணி, பகல் 1 மணி, மாலை 4 மணி ஆகிய மூன்று வேளைகளில் எந்த அறையில் வெயில் எதுவரை வருகிறது, எந்த ஜன்னலில் காற்று வருகிறது, எந்த மூலையில் சாரல் அடிக்கிறது என்று எழுதுங்கள். கூடவே வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள், பள்ளிப் பைகள் எங்கே குவிகின்றன, செருப்புகள் எங்கே கழற்றப்படுகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலி மனையாக இருந்தாலும் அந்த வேளைகளில் போய் நின்று பார்க்கலாம். நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. குறைந்தது ஒரு கோடையையும் ஒரு குளிர்காலத்தையும் பார்த்த பிறகே வரைபடத்தில் கையெழுத்திடுங்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பத்திரிகைகளையும் காணொளிகளையும் பார்த்து வீடு கட்டுவோர் நம்மிடையே அதிகம். அங்கே பூமத்திய ரேகைக்கு வடக்கே வாழ்வதால், ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்திருக்கும். நாமோ ஏறத்தாழ 20 பாகை தெற்கே இருக்கிறோம். நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி 20 வரையிலான இரண்டு மாதங்கள் நீங்கலாக, இங்கே நண்பகல் சூரியன் வடக்கில்தான் நிற்கும். ஜூன் மாதத்தில் அது வடவானில் ஏறத்தாழ 47 பாகை உயரமே ஏறும். டிசம்பரில் உச்சந்தலைக்கு மேல், சற்றே தெற்கே தள்ளி நிற்கும். ஆகவே தெற்கு வெயிலை மறைக்க அங்கே சொல்லும் யோசனையை இங்கே அப்படியே பின்பற்றினால், குளிர்ச்சியான பக்கத்தைத்தான் மூடி வைப்போம். வாஸ்து பார்ப்பது அவரவர் நம்பிக்கை, அதை மதிக்கிறேன். சாமி அறையைக் கிழக்கு நோக்கி வைப்பதில் இங்கும் ஒரு தடையும் இல்லை. வெயிலுக்கான கணக்கை மட்டும் இந்த மண்ணில் நின்று போடுங்கள்.

வடக்கு ஜன்னலுக்கு மேல் சுவரிலிருந்து 60 செ.மீ. நீளும் ஒரு மறைப்பு இருந்தால், ஜூன் நண்பகலில் அதன் நிழல் 63 செ.மீ. கீழே வரை விழும். அதற்கும் கீழே வெயில் உள்ளே வரும். டிசம்பர் நண்பகலில் சூரியன் கூரைக்கு மேலேயே இருப்பதால் அந்த ஜன்னலில் வெயில் படாது. குளிரும் ஈரமும் அதிகமான க்யூர்பிப்பில் வாழ்வோருக்குக் குளிர்காலத்து வடக்கு வெயில் ஒரு வரம். அங்கே வடக்கு ஜன்னலைப் பெரிதாக வையுங்கள். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து வருவதால் மேலிருந்து நீளும் மறைப்பு அவ்வளவாக உதவாது. போர்ட் லூயிஸ், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் போன்ற சூடான மேற்குப் பகுதிகளில் மேற்கு ஜன்னலைச் சிறிதாக்கி, அதற்கு முன் மரமோ பலகைச் சட்டமோ வராங்கோ அமைப்பதுதான் வழி.

காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் ஒரு ஜன்னலும் எதிர்ப்பக்கம் வெளியேற ஒரு வழியும் இருந்தால், குளிரூட்டிப் பெட்டி (ஏ.சி.) இல்லாமலே பல இரவுகள் கழியும். எதிர்ப்பக்கம் வழி இல்லாத அறைக்கு எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று வாசலோடு நின்றுவிடும்.

எங்கள் வராங்கை அடைத்த கதை

எங்கள் வீட்டு வராங் மேற்குப் பார்த்தது. அகலம் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வராங்கை அலுமினியச் சட்டமும் நகரும் கண்ணாடியும் போட்டு அடைத்து வரவேற்பறையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த காலத்தில், நாங்களும் அதையே செய்தோம். வேலை செய்த நிறுவனம் மூன்றே நாளில் முடித்துக் கொடுத்தது. அந்தப் பக்கத்தில் மாலை வெயில் எப்படி இருக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

முதல் கோடையிலேயே விளைவு தெரிந்தது. மூன்று மணிக்குப் பிறகு கண்ணாடியைத் தொட முடியாது. வராங்கின் நிழலில் இத்தனை ஆண்டுகள் குளிர்ந்திருந்த உள்சுவர், இரவு ஒன்பது மணிக்கும் கையில் சூடாகத் தட்டுப்பட்டது. திரைச்சீலை போட்டோம், பிறகு குளிரூட்டிப் பெட்டி வைத்தோம். இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது வேறொன்று. என் அம்மா மாலை நேரத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே தெருவில் போகிறவர்களோடு பேசும் இடம் அது. கண்ணாடி வந்ததும் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பின்வாசலுக்குப் போய்விட்டார். “இங்கே காற்று வருதுப்பா” என்று மட்டும் சொன்னார். பின்வாசலில் தெரு கிடையாது; மதில்தான் இருந்தது. ஆறு ஆண்டு கழித்துக் கண்ணாடியை எடுத்தோம். போட்டதற்கும் எடுத்ததற்கும் இரண்டு முறை பணம் கொடுத்தோம். அந்த ஆறு ஆண்டுகளின் மாலைப்பொழுதுகள் அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகவே ஓர் இடத்தை அடைக்கவோ இடிக்கவோ யோசித்தால், அந்த இடத்தை வீட்டில் அதிகம் பயன்படுத்துபவர் யாரென்று பார்த்து அவரிடம் முதலில் கேளுங்கள். அது பெரும்பாலும் பணம் கொடுப்பவராக இருக்க மாட்டார். கேட்கும்போது “இது உங்களுக்குப் பிடிக்குமா” என்று படத்தைக் காட்டிக் கேட்டால், பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். “இதை எடுத்துவிட்டால் நீங்கள் மாலையில் எங்கே உட்காருவீர்கள்” என்று கேளுங்கள்.

சமையலறையை உடம்பால் அளங்கள்

சமையல் மேடையின் வழக்கமான உயரம் 90 செ.மீ. கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதும் அதுவே. அதை ஏற்பதற்கு முன், அதிகம் சமைப்பவரை நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து முழங்கை வரை அளங்கள். அந்த அளவிலிருந்து 10 முதல் 15 செ.மீ. குறைத்தால் வருவதே அவருக்கான மேடை உயரம். மாவு பிசையவும் ஃபரத்தா ரொட்டி தேய்க்கவும் அதைவிடச் சற்றுத் தாழ்ந்த இடம் வேண்டும். மேசை ஒன்றை ஒட்டிப் போட்டால் போதும். முதுகுவலி இல்லாமல் இருபது ஆண்டு சமைக்க உதவும் இந்த அளவு எந்த மோஸ்தரிலும் பழையதாகிவிடாது.

திறந்த சமையலறை வேண்டுமா என்பது உங்கள் உணவைப் பொறுத்தது. வாரம் முழுதும் எண்ணெயில் தாளித்து, கருவாடு வறுத்து, கடுகும் மஞ்சளும் சேர்த்து மீன் விந்தாய் செய்யும் வீட்டில் சமையலறைக்கும் மெத்தை நாற்காலிக்கும் இடையே ஒரு சுவரோ மூடக்கூடிய கதவோ இருப்பது நல்லது. பிள்ளைகளைக் கண் பார்வையில் வைத்துக்கொண்டு சமைக்க வேண்டிய இளம் பெற்றோருக்குத் திறந்த அமைப்பு உதவும். அவர்கள் அடுப்புக்கு நேரே வெளிச்சுவரில் ஜன்னல் வைத்து, புகையை வெளியே தள்ளும் விசிறியையும் பொருத்த வேண்டும்.

நம் வீடுகளுக்கு இன்னொரு தேவையும் உண்டு, அது எந்தப் படத்திலும் வராது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் சைவச் சமையலுக்குத் தனிப் பாத்திரங்கள் வேண்டும். புரட்டாசியில் கோவிந்தன் பூசைக்கும், வீட்டில் நடக்கும் விசேஷங்களுக்கும் வாழை இலையில் ஏழு கறி பரிமாற வேண்டும். அந்த அண்டாக்களை நான்கு அடுப்புள்ள மேடையில் ஏற்ற முடியாது. பின்புறத்தில் கூரை போட்ட ஒரு வெளிச் சமையலிடம், தண்ணீர்க் குழாய், கழுவிய நீர் ஓட வடிகால், ஒரு மின்விளக்கு ஆகிய நான்கும் இருந்தால் போதும். புதிய வீடுகளில் முதலில் வெட்டப்படுவது இந்த இடம்தான். நீச்சல் தொட்டிக்காகப் பின்முற்றத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு மகள் திருமணத்துக்கு அண்டா வைக்கக் கார் நிறுத்துமிடத்தில் கல் அடுப்பு மூட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாமி அறையையும் இப்படியே அளங்கள். பூசை நேரத்தில் எத்தனை பேர் நிற்பார்கள், கற்பூரத் தட்டைச் சுற்ற இடம் இருக்கிறதா, புகை எங்கே போகும், பெரியவர்கள் உட்கார வசதி உண்டா என்பவற்றைப் பாருங்கள். ஆயத்தமாக விற்கும் ஒளிவிடும் மண்டபத்தை அதன் பிறகு வாங்குவதா என்று யோசிக்கலாம்.

தரை, சுவர், உலோகம்

பாட்டி வீட்டின் சிவப்புச் சிமெண்ட் தரை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சிவப்பு மெழுகைத் தடவி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையை ஒரு காலுக்கு அடியில் வைத்து, முன்னும் பின்னும் ஆடுவதுபோலத் தேய்ப்பார். மட்டையின் நார் தரையில் உரசும் சத்தம் அடுத்த வீடு வரை கேட்கும். பல ஆண்டுத் தேய்ப்பில் நடைபாதை மட்டும் கருஞ்சிவப்பாக ஆழ்ந்து, ஓரங்கள் வெளிறி இருந்தன. அந்தத் தரை தேயத் தேய அழகானது. தரைப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் கேள்வி இதுதான்: பத்து ஆண்டு நடந்த பிறகு இது எப்படி இருக்கும்? மரமும் சிமெண்டும், கல் சில்லுகள் கலந்து மெருகேற்றிய கிரானிட்டோவும், இங்கே கிடைக்கும் கருங்கல்லும் தேய்ந்தாலும் தங்கள் குணம் மாறாதவை. மரம்போல அச்சடித்த மெல்லிய தகடோ, ஒரு மூலை பெயர்ந்ததும் முழுதும் பொய்யென்று காட்டிவிடும்.

ஓடு போடுவதாக இருந்தால், கடையிலேயே ஓர் ஓட்டைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் ஏறி நின்று பாருங்கள். வழுக்கினால் அது குளியலறைக்கும் வராங்குக்கும் ஆகாது. தேர்ந்தெடுத்த ஓட்டில் கூடுதலாக ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். மோஸ்தர் ஓடுகள் சில ஆண்டுகளில் கடையிலிருந்து மறைந்துவிடும், உடைந்த ஒன்றுக்கு இணை கிடைக்காது.

க்யூர்பிப், வாக்வா போன்ற மேட்டுப் பகுதிகளின் ஈரத்தில் பொய்க்கூரையின் ஜிப்சம் பலகை கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். மேலே தளம் கசிந்தாலும் அது தெரியாமல் மறைத்துவிடும். அங்கே தளத்தை நேராகப் பூசி வெள்ளையடிப்பதே நல்லது. கடலோரத்தில் உப்புக்காற்று இரும்புக் கிராதியைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். எவர்சில்வர் வாங்கினாலும் 316 என்ற தரம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் தேங்கும் தாழ்வான மனையில் முகப்பு அழகுக்காக வாசல்படியைத் தெரு மட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய கண்ணாடி வைப்பவர்கள், புயல் எச்சரிக்கை வந்ததும் பலகை பொருத்துவதற்கான கொக்கிகளைக் கட்டும்போதே சுவரில் பதித்துக்கொள்ளுங்கள்.

சாயத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விரும்பிய நிறத்தைச் சிறு குப்பியில் வாங்கிச் சுவரில் ஒரு முழச் சதுரம் பூசி, ஒரு வெயில் நாளும் ஒரு மழை நாளும் பாருங்கள். விளக்கில் 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் ஒளி வீட்டுக்குப் பொருந்தும். 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் சோறும் முகமும் வெளிறித் தெரியும்.

சுவரில் மாட்ட வேண்டியவை

கடைகளில் விற்கும் அச்சுப் படங்களை வாங்குவதற்கு முன், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரின் குடியேற்றப் பதிவுகள் அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. பெயர், கப்பல், வந்த நாள், சொந்த ஊர் என்று அந்தப் பதிவில் இருப்பதைக் கண்டுபிடித்து, அதன் நகலை நல்ல மரச்சட்டத்தில் மாட்டினால், அதைப்போன்ற ஒன்று வேறு எவர் வீட்டிலும் இருக்காது. தாத்தாவின் பலாமரக் கட்டிலோ, பிரம்பு பிய்ந்த நாற்காலியோ மாடியில் கிடந்தால், தூக்கி எறியும் முன் பிரம்பு பின்னத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எல்லாப் பழம்பொருளையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தினமும் கை படும் இரண்டு மூன்று போதும்.

மேல்மாடிக்கு விட்ட கம்பிகள்

நம் ஊரில் தளத்துக்கு மேல் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்காத வீடு அரிது. பிள்ளைகளுக்கு மேலே ஒரு வீடு என்ற நினைப்பில் பெற்றோர் விட்டுவைப்பவை அவை. வெளியூரார் அதை அரைகுறை வேலை என்பார்கள். எனக்கு அது குடும்பத்தின் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்லும் அடையாளம். ஆனால் மூடாமல் விட்ட கம்பி துருப்பிடித்து, துரு கான்கிரீட்டுக்குள் இறங்கி, தூணின் தலையை வெடிக்கச் செய்யும். அதனால் துருத் தடுப்புப் பூச்சு பூசி, மேலே சிமெண்ட் குறைத்துக் கலந்த கான்கிரீட்டால் மூடி வையுங்கள். கட்டும் நாளில் உடைத்து எடுத்துவிடலாம். தளத்தில் நீர் தேங்காதபடி, 1 மீட்டருக்கு 2 செ.மீ. என்ற அளவில் வடிகாலை நோக்கிச் சரிவு கொடுங்கள். சூரிய வெந்நீர்க் கலத்தை வடக்குப் பார்த்து வைக்கும்போது, மேல்மாடி வந்தால் அதை எங்கே நகர்த்துவது என்பதையும் குழாயோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். மாடிப்படியை வீட்டுக்குள் அழகுக்காக வளைத்துக் கட்டுவதைவிட, மேற்கூரை போட்டு வெளிப்புறமாக வையுங்கள். நாளை மேலே குடியேறும் மகனோ மருமகளோ உங்கள் வரவேற்பறை வழியாக நடக்காமல், தங்கள் வாசலில் தாங்களே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம்.